மாமா நலம், புறப்பட வேண்டாம்

உ

தவளக்குப்பம்,
ஆனந்த வருடம் மார்கழி மாதம், புதன்கிழமை.

பிலாயில் கௌரவமாக வாழ்ந்துவரும் மச்சான் கோவிந்தராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை விசாலாட்சியின் கணவன், மளிகைக்கடை தெய்வசிகாமணி கைகூப்பி எழுதும் மடல். இவ்விடம் எல்லோரும் சுகம். அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வில்லியனூர் கோகிலாம்பாள் துணை நிற்க வேண்டும். இவ்விடம் எல்லோரும் சுகம் என்று நான் எழுதியது வழக்கத்துக்கு எழுதியது அல்ல. குறிப்பாகத் தங்கள் தகப்பனார், என் மாமனார் சாமிக்கண்ணு அவர்கள் சுகம். சாதாரண சுகம் இல்லை. நேற்று மார்கழி என்றுகூடப் பாராமல் கருவாட்டுக் குழம்பு கேட்டு வாங்கி, கேழ்வரகுக் களியில் குழி பறித்து ஊற்றி, இரண்டு உருண்டை சாப்பிட்டாராம். கண்ணால் பார்த்த ஆள் சொன்னது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தங்களுக்கு ஒரு தந்தி வந்திருக்கும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொரு தந்தியும் வந்திருக்கும். ஒன்று, அப்பா காலமானார், உடனே புறப்படு என்று சொல்லும். இன்னொன்று, அப்பா உயிரோடு இருக்கிறார், புறப்பட வேண்டாம் என்று சொல்லும். இரண்டும் ஒன்றாக வந்து எது முந்தி எது பிந்தி என்று தாங்கள் குழம்பினால், உயிரோடு இருப்பதுதான் பிந்தி என்று தயவுசெய்து வைத்துக்கொள்ளவும். ஒருவேளை முதல் தந்தியைப் பார்த்ததுமே தாங்கள் ரயில் ஏறியிருந்தால் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டாம், நேரிலேயே பேசிக்கொள்ளலாம். ரயில் ஏறாவிட்டால் முழுக்கப் படிக்கவும். ஏனென்றால் கடைசியில் தங்களால் எனக்கு ஆகவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. தங்கள் தங்கை கோபித்துக்கொண்டு உறுவையாற்றில் அப்பா வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் ஜலாலுதீனால் வந்த வினை. எனக்கு எதிர்க்கடை, ஜவுளி. நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. ஐப்பசி கடைசியில் ஒருநாள் டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது, பாகூர் இளைஞர் மன்றத்து நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் படித்தார். காணும் பொங்கலன்று பாகூர் ஏரிக்கரையிலிருந்து வில்லியனூர் தேரடி வரைக்கும் நெடுந்தூர ஓட்டப்பந்தயம், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பரிசு என்று போட்டிருந்தது. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். சிகாமணிக்குக் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்திருக்கவே மூச்சு வாங்குது, இதெல்லாம் நமக்கு எதுக்கு என்றார். நான் வாயில் போண்டாவோடு, என் பேரைக் கொடுய்யா என்றேன். பாவி, அன்றைக்கே கொடுத்துவிட்டார்.

முதல் நாள் பூரணாங்குப்பம் திருப்பம் வரைக்கும் ஓடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மீன்கூடை இறக்கி வைத்திருந்த ஒரு அம்மாள் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். ஆனால் மச்சான், ஒரு வாரம் கழித்து நடந்ததைத் தங்களுக்கு எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. விடிகிற நேரம், பனி இறங்கியிருக்கிறது, சவுக்குத் தோப்பு ஓரமாக ஓடுகிறேன், திடீரென்று மூச்சு வலி நின்றுபோய்விட்டது. கால் தானாகப் போகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அரிசி மூட்டை மாதிரி ஆகிப்போன இந்த உடம்புக்குள் இப்படி ஒரு ஆள் இத்தனை வருஷம் ஒளிந்துகொண்டிருந்தான் என்று எனக்கே தெரியாது. அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது உண்மை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஓட்டத்துக்காகக் குடும்பத்தையோ கடையையோ விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்தே செய்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று போலிருக்கிறது. காலையில் கோலம் போட்டு முடிப்பதற்குள் வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும் என்று பாய்வேன். மார்கழிக் கோலம், தெருவையே அடைத்துப் போடுவாள் தங்கள் தங்கை, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப் பூ. தாண்டிவிடலாம் என்றுதான் தினமும் நினைப்பேன். தினமும் ஒரு மயிலுக்கோ தாமரைக்கோ என் காலடி விழுந்துவிடும். குழந்தை மீனாட்சியைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி ஓடுவேன், பாரத்தோடு ஓடினால் கால் உரம் ஏறும் என்று. அவள் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு, குடித்த பாலை என் தலையிலேயே விட்டுவிடுவாள். கடையில் வியாபாரம் இல்லாத நேரம் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பேன். உளுந்து வாங்க வந்த ரோசம்மாள், ஆள் ஆடினால் தராசு ஆடாமல் என்ன செய்யும், நிறுவையில் குறைகிறது என்று நாலு பேர் கேட்கச் சண்டை பிடித்துவிட்டாள். நான் குதிப்பதை நிறுத்தி மறுபடி நிறுத்துக் காட்டினேன், உளுந்து கூடத்தான் இருந்தது. கூட இருந்ததை அவள் சொல்லவில்லை, பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இதில் ஜலாலுதீன் எனக்கு வாத்தியார். தன் வாழ்நாளில் பஸ் பிடிக்கக்கூட ஓடாதவர். ஆனாலும் ஓட்டத்துக்குச் சட்டம் எல்லாம் அவர்தான் போட்டார். அதில் முக்கியமான சட்டம், ஓடும்போது வாயைத் திறக்கவே கூடாது. மூக்கால் இழுத்து மூக்காலேயே விட வேண்டும், வாயைத் திறந்தால் சேர்த்து வைத்த மூச்செல்லாம் போய்விடும், எவன் என்ன கேட்டாலும் பதில் பேசாதே என்றார். எனக்கும் அது சரியாகவே வந்தது. வழியில் யாராவது நலம் விசாரித்தால் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவேன். மச்சான், இந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளவும். இதுதான் தங்கள் அப்பாவைக் கொன்றது.

போன ஞாயிற்றுக்கிழமை விசாலாட்சி உறுவையாற்றுக்குப் போகவேண்டும் என்றாள். மாமாவுக்கு முந்தின வாரம் இருமலும் சளியும், அதனால் பார்த்துவிட்டு வரலாம், பொங்கலுக்கு வேண்டியதையும் கொடுத்துவிட்டு வரலாம் என்று. எனக்கோ அன்றைக்குத்தான் நீண்ட தூரம் ஓட வேண்டிய நாள். யோசித்தேன். அற்புதமான யோசனை உதித்தது. அவளும் குழந்தையும் பஸ்ஸில் பாண்டிச்சேரி போய், வில்லியனூர் போய், அங்கிருந்து உறுவையாறு வரட்டும். நான் அபிஷேகப்பாக்கம், மங்கலம் வழியாக நேராக ஓடிவந்துவிடுகிறேன். மாமியார் வீடு போன மாதிரியும் ஆயிற்று, பயிற்சி எடுத்த மாதிரியும் ஆயிற்று. இதைச் சொன்னதும் தங்கள் தங்கை பையைக் கீழே வைத்துவிட்டு, "குடும்பம்னா சேந்து போறதுங்க. ஆளுக்கொரு பக்கம் போய்ச் சேர்றதுக்குப் பேரு இன்னா?" என்று கேட்டாள். நான் பூசணிக்காயை அவள் பையில் வைத்து, இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, இடுப்பில் துண்டை இறுக்கி, வெறும் பனியனோடு கிளம்பிவிட்டேன்.

அபிஷேகப்பாக்கம் தாண்டி வயலில் பக்கிரி நின்றுகொண்டிருந்தான். தங்கள் பங்காளி வீட்டுப் பக்கிரிதான். தார்ப்பாய்ச்சிய வேட்டியும் இடுப்பில் துண்டுமாக ஒரு ஆள் ஊர்ப்பாதையில் காலங்காத்தால ஓடினால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று தங்களுக்கே தெரியும். சாவுச் சேதி சொல்லப் போகிறவன்தான் அப்படி ஓடுவான். எனக்கு அது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை, தோன்றியிருந்தால் ஒரு சட்டையாவது போட்டிருப்பேன். பக்கிரி வரப்பில் கூடவே ஓடிவந்து, "இன்னா மாமா இப்டி ஓடற? எங்க?" என்றான். நான் வாயைத் திறக்கக்கூடாதே. உறுவையாறு இருக்கும் திசையைக் கையால் காட்டினேன். பெரியவருக்கு இன்னா என்று பதறினான். நான் ஓடிக்கொண்டே இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன். எல்லாம் ஆண்டவன் கிருபை, நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். என் கணக்குக்கு அதுதான் அர்த்தம். பக்கிரி வரப்பிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டதை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது ஜலாலுதீன் போட்ட இன்னொரு சட்டம்.

அதற்கப்புறம் நான் மங்கலத்தில் ஒரு சோடாக் கடையில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ரோட்டில் சைக்கிள் சைக்கிளாகப் போகிறது. பின்னால் மாலை கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு மாட்டுவண்டி நிறையப் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு போகிறார்கள். மேளம் போகிறது. பாவம், எந்த வீட்டில் என்ன கஷ்டமோ என்று எழுந்து நின்று கும்பிட்டேன் மச்சான். பக்கிரி கெட்டிக்காரன். சைக்கிளை எடுத்து நாலு ஊருக்குச் சொல்லிவிட்டு, கொள்ளி வைக்க மூத்த பிள்ளை வேண்டுமே என்று வில்லியனூர் போய்த் தங்களுக்குத் தந்தியும் அடித்துவிட்டான். நல்ல காரியத்துக்கு இப்படி ஒரு நாளாவது ஓடியிருப்பானா அவன்.

உறுவையாறு போய்ச் சேர்ந்தேன். மாமா வீட்டு வாசலில் ஊரே கூடியிருக்கிறது. மூங்கில் வந்து இறங்கிவிட்டது. வீடு பூட்டியிருக்கிறது. பெரியவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கேயே முடிந்துபோய், உடம்பு வேனில் வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில், எந்தச் சாவு வீட்டிலும் முதல் ஆளாக ஒப்பாரிக்கு உட்காரும் கிழவி விருத்தாம்பாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள், அதில் மாமா பெயர் வருகிறது. முந்தின வாரத்து இருமல் ஞாபகத்துக்கு வந்தது. மூட்டி விட்டவனே நான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பூட்டிய கதவில் தலையை முட்டிக்கொண்டு, மாமா போயிட்டியே மாமா என்று நான் அழுத அழுகையைப் பார்த்து அதுவரைக்கும் அழாதவர்கள்கூட அழுதார்கள்.

அப்போது மாமா ஆற்றில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு, கையில் சோப்பு டப்பாவோடு வந்தார். கூட்டத்தின் கடைசியில் நின்று, "யாருப்பா போயிட்டாங்க?" என்று கேட்டார். மேளக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல், இந்த வூட்டுப் பெரியவருதான் என்றான். மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். தன் வீட்டில் தன்னைத் தவிர வேறு பெரியவர் யாரும் இல்லை என்பது அவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது. பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சத்தம் அப்படியே நின்றது. ஆனால் விருத்தாம்பாள் மட்டும் நிறுத்தவில்லை. நாலு பேர் போய்ப் பிடித்தும் கேட்கவில்லை. "ஆரம்பிச்சத பாதில நிறுத்துனா ஆவாதுப்பா. அது வேற ஒரு தலைக்குப் போயிடும்" என்றாள். அதைக் கேட்டதும் யாருக்கும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. வேறு வழியில்லாமல் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாமாவும் தலையைத் துவட்டிக்கொண்டே எதிரில் உட்கார்ந்து தன் ஒப்பாரியைத் தானே கேட்டார். ஏழூருக்குப் படியளந்த மகராசன் என்ற இடத்தில் அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்தா பஸ் வரவேண்டும். விசாலாட்சி தெருமுனையிலேயே ஒப்பாரியில் அப்பா பெயரைக் கேட்டுவிட்டாள். பையைப் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலறிக்கொண்டே ஓடிவந்தாள். வந்தவள் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை மச்சான். மற்றதெல்லாம் சிரிப்புதான், அது சிரிப்பு இல்லை. கொஞ்சம் தேறினதும் யார் இதைக் கிளப்பிவிட்டது என்று கேட்டாள். பக்கிரி, மாமாதான் சேதி சொல்லிக்கினு ஓடினாரு என்று என்னைக் காட்டினான். ஊரே என்னைப் பார்த்தது. வாயைத் திறக்கக்கூடாது என்ற சட்டத்தை நான் விளக்கினேன், யாருக்கும் விளங்கவில்லை.

விசாலாட்சி சத்தம் போடவில்லை. "சேந்து வந்திருந்தா இது நடந்திருக்குமா? நீங்க ஓடிக்கினே இருங்க. நான் இங்கியே இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். திரும்பும்போது வில்லியனூரில் தங்களுக்கு இரண்டாவது தந்தியை அடித்துவிட்டு, நான் பஸ்ஸில்தான் வந்தேன். ஓட யாரும் விடவில்லை.

இப்போது வீடு வீடாக இல்லை. நானே சோறு வடித்து நானே தின்கிறேன். வாசலில் கோலம் இல்லை, இஷ்டம்போல ஓடலாம், மிதிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஓடிவிட்டு வந்தால் இவ்வளவு தூரம் ஓடினேன் என்று சொல்ல ஆள் இல்லை. ஓடாமலும் என்னால் இருக்க முடியவில்லை, அவள் இல்லாமலும் இருக்க முடியவில்லை. காணும் பொங்கல் கிட்ட வந்துவிட்டது. நீயே போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். எப்படிப் போவது மச்சான்? உறுவையாற்று ஆட்கள் சந்தையில் என்னைப் பார்த்தால், இந்த வாட்டி யாரு என்று கேட்கிறார்கள். ஆகவே தாங்கள் மூத்தவர் என்ற முறையில் தங்கைக்கு ஒரு வரி எழுதவேண்டும். மாப்பிள்ளை ஓடட்டும், நீ வீட்டுக்குப் போ என்று. தங்கள் சொல்லை அவள் தட்டமாட்டாள். தாங்கள் சிரமப்பட்டு நேரில் வரவேண்டாம், கடிதமே போதும்.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் சொல்லவும். பொங்கிய பானை போலத் தங்கள் வீட்டில் எல்லாம் பொங்கட்டும். தகப்பனார் நூறு வயது இருப்பார், ஒருமுறை இறந்தவருக்கு ஆயுசு கெட்டி என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் வரவுக்குக் காத்திருக்கும்
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. இதை உறுவையாற்றிலிருந்து எழுதுகிறேன். தாங்கள் சாப்பிட்டுவிட்டு எனக்கு எதிரே கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தங்களுக்கு நடந்ததைத் தங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனால் ஓடின வேகத்தில் தாங்கள் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது கடலூர் பஸ் நின்று தாங்கள் இறங்கினீர்கள். பிலாய்க் குளிருக்குப் போட்ட கம்பளிக் கோட்டு, தோல் செருப்பு, தலையில் பெட்டி. அப்பா வீட்டுக்குத் தனியாகப் போக மனம் வராமல்தான் முதலில் இங்கே இறங்கினீர்கள் போலிருக்கிறது, விசாலாட்சி எங்கே என்றீர்கள். உறுவையாற்றில் என்றேன். முதல் தந்தியை மட்டும் பார்த்துவிட்டு ரயில் ஏறியவர் தாங்கள், அடுத்த வார்த்தை நான் சொல்வதற்குள் பெட்டியைப் போட்டுவிட்டு, அப்பா என்று கதறிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டீர்கள். அப்பா இருக்கிறார் என்று சொல்ல நானும் பின்னாலேயே ஓடினேன். கடை வாசலில் ஜலாலுதீனின் சைக்கிள் நின்றது, அதை எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மாதம் பயிற்சி எடுத்தவன் நான். மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் தாங்கள், கம்பளிக் கோட்டு வேறு. என்னால் தங்களைப் பிடிக்க முடியவில்லை. கூப்பிடவும் மூச்சு இல்லை.

நான் வந்து சேர்ந்தபோது தாங்கள் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள், அவர் தங்கள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் மாட்டுக்கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். விசாலாட்சி வந்து எதிரில் நின்றாள். "என்னைக் கூட்டிக்கினு போவத்தான் இவ்ளோ தூரம் ஓடியாந்தீங்களா?" என்று கேட்டாள். மூன்று நாளாக அவளிடமிருந்து வராத குரல். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

உள்ளே போய் நீராகாரம் கொண்டுவந்து கொடுத்து, முந்தானையால் விசிறினாள். இப்போது துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் பந்தயத்தில் ஓடும்போது அவளும் குழந்தையும் பஸ்ஸில் வந்து வில்லியனூர் தேரடியில் நிற்பார்களாம். பந்தயம் முடிந்ததும் மூன்று பேருமாகச் சேர்ந்துதான் ஊருக்குத் திரும்ப வேண்டுமாம். தங்கள் பெயரையும் ஜலாலுதீனிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மாமா ஒரே பிடிவாதம்.

மச்சான், தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நான் தங்களைத் துரத்திக்கொண்டுதான் ஓடிவந்தேன் என்பதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தாங்கள் விழித்ததும் முதலில் இதைப் படிக்கட்டும் என்றுதான் கோட்டுப் பையில் வைக்கிறேன்.

ஆனால் ஒன்று. மங்கலம் தாண்டினதுமே தாங்கள் என் கண்ணுக்கு மறைந்துவிட்டீர்கள். அதற்கு மேல் நான் ஓடவேண்டிய அவசியமே இல்லை. தாங்கள் போய்ச் சேர்ந்தால் மாமாவே எதிரில் நிற்கப்போகிறார். கடையைத் திறந்துபோட்டு வந்திருந்தேன், திரும்பியிருக்கலாம். நான் நிற்கவில்லை. இன்னும் வேகமாகத்தான் ஓடினேன். அவள் கேட்டதற்கு நான் தலையாட்டியது பொய் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. இருந்தாலும் படித்தவுடன் கிழித்துவிடுங்கள்.